கவர்னரும் ஆலோசனையும்

கறம்பக்குடியில் நமது நண்பர்கள் சிலர் மாதந்தோறும் ஒரு வாசகசாலையில் கூடிப் பொது விஷயங்களைப் பற்றிப் பேசி வருகிறார்கள். சமீபத்தில் நம்மையும் அழைத்திருந்தார்கள். கவர்னர் பதவியின் சரித்திரத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்பது அவர்களுடைய விருப்பம். வக்கீல் தொழிலில் பழகிய தோஷத்தினால் நாமும் சென்னைக் கோட்டையிலிருந்த கம்பெனி ஏஜெண்டுகள் முதலாக நமது காலம் வரையில் ஒரு நீண்ட ஜாபிதாவைத் தயாரித்துக்கொண்டு போனோம். ஜாபிதாவில் பாதியைப் படித்து முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "இத்தனை பேரில் எங்களூருக்கு முதல் கவர்னர் யார், ஐயா?" என்று கேட்டார். கேள்வி சிறியதுதான். ஆனால் நமது ஜாபிதா அதோடு நின்றுவிட்டது.

சென்னையிலோ, தஞ்சையிலோ, மதுரையிலோ இக்கேள்வியை ஒருவர் கேட்டிருந்தால் பழைய கம்பெனிக்காரர்களில் ஒருவருடைய பெயரைச் சொல்லியிருப்போம். கறம்பக்குடிக்கு அவ்விடை பொருந்தாது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ஆலங்குடித் தாலூகாவைச் சேர்ந்ததாய், தஞ்சை ஜில்லாவின் எல்லையை ஒட்டி இருந்த ஊர் அது. எல்லைக்கு அப்பால் நிலவரி கவர்னருடைய கஜானாவுக்குப் போயிற்று. இப்பால் தொண்டைமான் மன்னருடைய கஜானாவுக்குப் போயிற்று. சென்னையிலிருந்த கவர்னர்களில் எவரும் 1948-ம் வருஷம் மார்ச் மாதம் 3-ந் தேதிக்கு முன்பு கறம்பக்குடிக்குச் சட்டப்படி கவர்னராயிருந்ததில்லை. அன்றுதான் புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அன்று கவர்னராயிருந்தவர் யாரென்றால், ஸர் ஆர்ச்சிபால்ட் நை என்னும் ஆங்கிலேய சேனாபதி! சுதந்திரம் வந்து ஆறு மாதங்களுக்கு மேலான பிறகு, சுதந்திர இந்தியாவின் மாகாணமொன்றில் சேர்ந்த கறம்பக்குடி ஜனங்களுக்கு வாய்த்த முதல் கவர்னர் ஓர் ஆங்கிலேயர்.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்த ஜில்லாவின் சரித்திரத்தை உற்று நோக்குவோர்க்கு இது வெறும் வேடிக்கையாகத் தோன்றாது. கவர்னர் பதவியின் மர்மமெல்லாம் ஒரே வார்த்தையில் அடங்கியிருக்கிறதென்பதும், அந்த வார்த்தையின் பொருளை ஆங்கில மாகாணத்தவர்களைக் காட்டிலும் சமஸ்தானத்துப் பிரஜைகள் நன்றாய் அனுபவித்தவர்களென்பதும் நமது அபிப்பிராயம். அந்த வார்த்தை ‘ஆலோசனை’ என்பது.

புதுக்கோட்டையை ஆண்டவர் யார்? பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொண்டைமான் வம்சத்தார் ஆண்டார்களென்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். கர்நாடக யுத்தங்களில் அவர்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். 1799-ல் வீரபாண்டியக் கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்புவிக்கப்பட்டதும் யாவரும் அறிந்ததே. இந்த நட்புக்குச் சன்மானமாகக் கம்பெனியார் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த பூமியையும் தொண்டைமானுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு வருஷந்தோறும் ஒரு யானையைக் காணிக்கை செலுத்தவேண்டுமென்பது நிபந்தனை. அந்த யானையை அவர்கள் ஒருநாளும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-ல் அந்த நிபந்தனையையே தள்ளிவிட்டார்கள். யானையைத் தள்ளினவர்கள் அங்குசத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

1807-ல் மன்னர் காலஞ்சென்றபோது வாரிசு சிறு பிராயத்தவர். தஞ்சையில் ரெசிடெண்டாயிருந்த பிளாக்பர்ன் துரையின் மேற்பார்வையில் ராஜ்ய பரிபாலனம் நடந்தது. 1841-ல் தஞ்சை ரெசிடென்ஸி எடுபட்டபின் மதுரைக் கலெக்டர் புதுக்கோட்டைக்குப் பொலிடிகல் ஏஜெண்டானார். 1865-ல் அவ்வேலை தஞ்சைக் கலெக்டருக்கும், 1874-ல் திருச்சிராப்பள்ளிக் கலெக்டருக்கும் மாறிற்று. இந்தக் கலெக்டர்களுக்கு யஜமானர் சென்னை கவர்னர். ஆகவே கறம்பக்குடிக்குக் கவர்னர் இல்லையென்று சொன்னது ஏட்டுக்கணக்கு. காரியத்தில் கவர்னருடைய கை இருந்துகொண்டேதான் இருந்தது. அது எவ்விதம் இருந்தது? உத்தரவாக அன்று, ‘ஆலோசனை’யாக. மன்னருக்கு ஏஜெண்டு ஆலோசனை சொல்வார். மன்னர் அதைக் கேட்டுக்கொள்வார். கேளாவிட்டால் பட்டத்துக்கும் மரியாதைக்கும் பங்கம் வரும். அதற்கு மேலும் கேளாவிட்டால் ராஜ்யத்துக்கே ஆபத்து. 1878 முதல் 1894 வரையில் அங்கே நிர்வாகம் செய்து, குளங்களையும் வீதிகளையும் கோர்ட்டு கச்சேரிகளையும் சீர்திருத்திய சேஷைய சாஸ்திரியார் மகா திறமைசாலி. அவர் செய்த நன்மைகளை நாம் மறுப்பவரல்லர். எனினும் அவரை அங்கே கொணர்ந்து வைத்த கை எந்தக் கையென்பதையும் மறக்கலாகாது.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலிய மாது ஒருத்தியை மணந்தார். அவளை ராணியென்று அங்கீகரிக்க ஆங்கில சர்க்கார் மறுத்தார்கள். மன்னர் தமது சீமையைவிட்டு அந்நிய நாட்டில் வாசம் செய்து 1928-ல் பாரிஸ் நகரில் காலமானார். அவருடைய குமாரனுக்குப் பட்டமில்லையென்றும், குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த ஆறு வயதுப் பாலகருக்கே பட்டமென்றும் தீர்மானமாயிற்று. அத்தீர்மானம் கறம்பக்குடியிலும் பிறக்கவில்லை, புதுக்கோட்டையிலும் பிறக்கவில்லை. பாலகர் வளரும்வரையில் ராஜ்யத்தை நடத்த 1934-ல் ஸர் அலெக்ஸாண்டர் டாட்டன்ஹாம் என்னும் ஐ. சி. எஸ். உத்தியோகஸ்தர் நிர்வாகியாய் வந்து 1946 வரையில் இருந்தார். 1902 முதல் ஒரு பிரதிநிதி சபையும், 1924 முதல் ஒரு சட்டசபையும் சமஸ்தானத்தில் இருந்தன. அவை கேள்வி கேட்கலாம், பிரேரணை செய்யலாம், ஒருவரையும் பதவியிலிருந்து இறக்க முடியாது. 1923-க்குப் பின் சமஸ்தானத்தின் தொடர்பு சென்னை கவர்னரைவிட்டு இந்தியா சர்க்காரின் ஏஜெண்டுக்கு மாறிற்று. ஆலோசனையின் விலாசம் மாறியதேயன்றி அதன் சுபாவம் மாறவில்லை.

சுருங்கச் சொன்னால், சமஸ்தானத்தில் ஆலோசனையென்பது வெளியிலிருந்து வரும் கட்டளைக்கு இட்ட மரியாதையான பெயர். ஆள்பவர் கேட்பவர், ஆலோசனை சொல்பவரே ஆள்பவர்.

இனி எல்லைக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே கவர்னருக்கு ஆலோசனை சொன்னவர்கள் யார்? ஆதியில் கம்பெனியின் வியாபாரிகளே அடங்கிய ஒரு கவுன்சில். கவர்னரும் வியாபாரி, கவுன்சிலரும் வியாபாரி. அந்தக் கவுன்சில் தன் கவர்னரையே சிறையிட்ட கதையொன்று உண்டு. அது தஞ்சைச் சீமையின் நெல்லைப் பற்றிய கதையாதலால் எல்லைப்புறத்தாராகிய கறம்பக்குடி நண்பர்களுக்கு விரிவாய்ச் சொன்னோம், நேயர்களுக்கும் சொல்கிறோம்.

1773-ல் ஆர்க்காட்டு நவாப், கம்பெனியின் சேனை பலத்தைக்கொண்டு தஞ்சையைப் பிடித்து ராஜா துளஜாவைச் சிறைவைத்தார். நவாபோ கடனில் மூழ்கினவர். அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்கள். கவுன்சிலர்களில் பலருக்கும் அக்கடனில் பற்று உண்டு. தஞ்சையின் மகசூலையே ஈடாகக் காட்டி நவாப் கடன் வாங்கினார். சீமையிலுள்ள இயக்குநர்கள் இது அக்கிரமமென்று கண்டு, தஞ்சையை ராஜாவுக்கே திருப்பிக் கொடுக்கும்படி லார்டு பிகட்டை இரண்டாம் முறையாகக் கவர்னராக்கி அனுப்பினார்கள். முன்பு லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட காலத்தில் அதைக் காத்தவர் இவரே. 1776 ஏப்ரலில் பிகட் தஞ்சைக்கு நேரில் சென்று ராஜாவை மறுபடியும் சிங்காதனத்தில் அமர்த்தினார். உடனே பால் பென்பீல்டு என்னும் கம்பெனிச் சேவகர் முன்வந்து, தஞ்சை வருமானத்தின்மேல் தமக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் பாத்தியதை உண்டென்றார். சொற்பச் சம்பளக்காரரான அவருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்ததென்று கேட்கவேண்டிய கவுன்சிலர்கள், அவருக்கே பரிந்து பேசினார்கள். கவர்னர் ஒரு பக்கம், பெரும்பான்மைக் கவுன்சிலர்கள் ஒரு பக்கம். 1776 ஆகஸ்டு 24-ந் தேதி கவுன்சிலர்கள் பட்டாளத்து அதிகாரியைக்கொண்டு கவர்னரைக் கைது செய்தார்கள். மறு வருஷம் மே மாதம் 11-ந் தேதி, காவலிலிருந்தபடியே பிகட் மாண்டார்.

இந்தச் சச்சரவில் தஞ்சைக் குடியானவன் ஒருவனையாவது யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா? பிகட் நல்லவரா, கவுன்சிலர்கள் கெட்டவர்களா என்பது வேறு விஷயம். கவர்னர் கேட்கவேண்டியது கடல் கடந்த இயக்குநர்கள் சொல்லையா, கோட்டைக்குள்ளிருந்த கடன்காரர்கள் சொல்லையா என்பதே அன்றைய வழக்கு. நெல் விளைவித்தவன் வழக்கில் கட்சிக்காரனே அல்லன்.

பின்வந்த கவர்னர்களை ஒவ்வொருவராய்ச் சொல்லி நேயர்களை வருத்தப் போவதில்லை. நல்லவர்களும் இருந்தார்கள். ரயத்துவாரி முறையை நிலைநாட்டிய ஸர் தாமஸ் மன்றோ, ஜனங்களின் பாஷையும் வழக்கமும் அறிந்தவர். 1827-ல் சுற்றுப்பிரயாணத்தின்போது பத்திகொண்டாவில் காலராக் கண்டு இறந்தார். ஸர் சார்லஸ் டிரிவெலியன் கதையும் கவனிக்கத் தக்கது. கல்கத்தாவில் வில்ஸன் துரை புதிதாய் வருமான வரி போட முனைந்தபோது, டிரிவெலியன் அது சென்னை ஜனங்களுக்குத் தகாதென்று எதிர்த்ததோடு, தமது எதிர்ப்பைப் பத்திரிகைகளுக்கும் வெளியிட்டுவிட்டார். 1860-ல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஜனங்கள் பக்கம் பேசிய கவர்னருக்கு அந்நாளில் கிடைத்த பரிசு அது. கவர்னர் தம்மை அனுப்பினவர்களுக்கே கடமைப்பட்டவர் என்ற பாடத்தைப் பிறகு வந்தவர்கள் மறக்கவில்லை. 1917-ல் அன்னி பெஸண்டு அம்மையாரைக் காவலில் வைத்த லார்டு பெண்ட்லண்டு அப்பாடத்தை நன்கு படித்தவர்.

1920-ல் இரட்டை ஆட்சி வந்தது. சில இலாகாக்களில் மட்டும் கவர்னருக்கு ஆலோசனை சொல்ல மந்திரிகள் ஏற்பட்டார்கள். எல்லைக்கு அப்பாலிருந்த தஞ்சை மிராசுதார் சென்னைச் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார். கறம்பக்குடிக்காரருக்கு அந்தச் சபையில் பாத்தியமில்லை. ஆனால் சமஸ்தானத்தில் பிறந்தவர்கள் மாகாணத்துக்குச் சென்று அங்கே உழைத்ததுண்டு. திருமயத்தில் 1887-ல் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி சென்னைச் சட்டசபையில் கவர்னருடைய சர்க்காரைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணற அடித்தார். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அச்சபையின் உபதலைவராக விளங்கினார். சொந்தச் சீமையில் கேட்க இயலாததை அந்நியச் சீமையில் கேட்டார்களென்றுதான் சொல்லவேண்டும்.

1937-ம் வருஷம் நமது கதையில் மிகவும் முக்கியமானது. புதிய சட்டத்தின்படி நடந்த தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159-ஐக் காங்கிரஸ் கைப்பற்றியது. மந்திரிசபை அமைக்கும்படி கவர்னர் எர்ஸ்கின் பிரபு ராஜாஜியை அழைத்தார். ராஜாஜி உடனே ஒப்பவில்லை. அச்சட்டம் கவர்னருக்கு விசேஷ அதிகாரங்கள் பலவற்றைக் கொடுத்திருந்தது. மந்திரிகளின் ஆலோசனையை ஒதுக்கித் தள்ளுவதில்லை, விசேஷ அதிகாரங்களைக்கொண்டு குறுக்கிடுவதில்லை என்று கவர்னர் வாக்களித்தாலன்றிப் பதவி ஏற்பதில்லையென்பது காங்கிரஸின் தீர்மானம். கவர்னர் வாக்களிக்கவில்லை. சட்டசபையில் பெரும்பான்மையில்லாத கே. வி. ரெட்டி நாயுடு ஏப்ரல் மாதம் 1-ந் தேதி இடைக்கால மந்திரிசபை அமைத்துக்கொண்டு, சட்டசபையின் முகத்தில் விழிக்காமலே மூன்றரை மாதம் ஓட்டினார். ஜூன் மாதத்தில் வைசிராய் சமாதானமாக ஓர் அறிக்கை விட்டபிறகு, ஜூலை 14-ந் தேதி ராஜாஜி பதவி ஏற்றார்.

அன்று காங்கிரஸ் வற்புறுத்தியது மந்திரிகளின் சம்பளத்தையோ, இலாகாக்களின் எண்ணிக்கையையோ பற்றியதல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். ஆலோசனை சொல்பவர் யார், அதற்குக் கட்டுப்பட்டவர் யார் என்ற ஒரே விஷயத்துக்காகப் பெரும்பான்மைக் கட்சியொன்று கையில் வந்த அதிகாரத்தை மூன்று மாதங்களுக்கு மேல் தொடாமல் நின்றது. 1939 அக்டோபர் முடிவில், ஜனங்களைக் கேளாமல் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதற்காக அம்மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. அதன்பின் 93-வது பிரிவின்படி ஏறக்குறைய ஆறரை வருஷம் கவர்னரே மாகாணத்தைத் தனியாக ஆண்டார். 1937-ல் ராஜாஜி பட்ட சந்தேகம் வீண் சந்தேகமென்று யார் சொல்லமுடியும்?

மேற்சொன்ன ஆர்ச்சிபால்ட் நை 1946 மே மாதத்தில் வந்தவர். சாதாரணச் சிப்பாயாயிருந்து படிப்படியாய் உயர்ந்த மனிதர், மந்திரிகளோடு சச்சரவிட்டவரல்லர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன் மந்திரியாயிருக்கையில் புதுக்கோட்டை இணைந்தது. ராஜகோபாலத் தொண்டைமான் இடைஞ்சலின்றி ராஜ்யத்தை ஒப்படைத்தார். புதுக்கோட்டைச் சீமை திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் ஒரு பகுதியாயிற்று; தனி ஜில்லாவாக ஆவதற்கு 1974 ஜனவரி வரையில் காத்திருக்க நேர்ந்தது. அது நிற்க. 1948 செப்டம்பரில் நை விடைபெற்றுக்கொண்டதும், சென்னைக்கு நிலையான முதல் இந்தியக் கவர்னர் வந்தார். அதற்குமுன் உஸ்மான் சாகிபும் ரெட்டி நாயுடுவும் சில மாதங்கள் பதில் கவர்னராய் இருந்ததோடு சரி. புதிய கவர்னர் யார்? பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார சிம்மர். மார்ச் மாதத்தில் ஒரு ராஜாவுக்கு விடைகொடுத்த கறம்பக்குடிக்கு செப்டம்பர் மாதத்தில் இன்னொரு ராஜா வந்தார்! பாவ்நகரத்தார் தமது சமஸ்தானத்தில் பொறுப்பாட்சியை மனமுவந்து அளித்தவர். ஆகையால் அவருடைய நியமனத்தைக் குறைகூறுவதற்கில்லை. 1964-ல் மைசூர் மகாராஜாவும் இதே பதவிக்கு வந்தாரென்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ராஜ்யம் போன ராஜாக்களுக்குக் கவர்னர் மாளிகை பொருத்தமாய் இருந்தது போலும்.

இதற்கிடையில் டில்லியில் அரசியல் நிர்ணய சபையில் ஒரு பெரிய மாறுதல் நடந்தது. கவர்னரை மாகாணத்து ஜனங்களே ஓட்டளித்துத் தேர்ந்தெடுக்கவேண்டுமென்று 1947 ஜூலையில் அச்சபை ஒப்புக்கொண்டிருந்தது. அக்கொள்கையைச் சபையின் முன் வைத்தவர் சர்தார் படேல். 1949 மே மாதத்தின் கடைசி இரண்டு நாட்களில் அது தலைகீழாயிற்று. கவர்னரை ராஷ்டிரபதி நியமிக்க வேண்டுமென்று பிரஜேசுவர பிரசாத் திருத்தம் கொண்டுவந்தார், நேருஜி ஆதரித்தார், நமது அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரும் ஆதரித்தார். ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவர்னரும், ஜனங்கள் தேர்ந்தெடுத்த முதன் மந்திரியும் எதிரெதிரே நின்றால் ராஜ்யம் நடக்குமா என்பது அவர்கள் வாதம். வாதம் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நியமனம் பெற்றவர் மந்திரிகளின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையின்மேல்தான் ஜனங்கள் தங்கள் ஓட்டுரிமையை விட்டுக்கொடுத்தார்கள். நம்பிக்கையை 163-வது ஷரத்தில் எழுதினார்கள். எழுதியவர்கள் அதே ஷரத்தில் கவர்னருடைய சொந்த யுக்தம் என்று ஒரு சிறு சந்தையும் விட்டுவைத்தார்கள். கோட்டைச் சுவரில் விட்ட சந்து பெரிதாயிருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்தச் சந்து எவ்வளவு பெரியதென்பதைக் கறம்பக்குடி தனது முதல் பொதுத் தேர்தலிலேயே கண்டது. 1952-ல் வயதுவந்தோர் யாவரும் ஓட்டளித்தார்கள். புதுக்கோட்டைத் தொகுதியார், சமஸ்தான காலத்திலேயே ஜனங்களுக்காகப் போராடிய முத்துசாமி வல்லத்தரசைக் கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். சென்னைச் சட்டசபையில் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. எதிர்க்கட்சிகள் பல சேர்ந்து, ஆந்திர கேசரி பிரகாசத்தைத் தலைவராகக்கொண்டு ஓர் ஐக்கிய முன்னணி அமைத்து, தங்களுக்கே பலம் அதிகமென்றன. கவர்னர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நில்லாத ராஜாஜியை மேல்சபைக்கு நியமனம் செய்து, அவரையே மந்திரிசபை அமைக்க அழைத்தார். நியமனத்தை எதிர்த்து பி. ராமமூர்த்தி ஹைக்கோர்ட்டுக்குப் போனார். ஹைக்கோர்ட்டு தலையிட மறுத்தது. ராஜாஜி பிறகு சட்டசபையில் பெரும்பான்மையை நிரூபித்துவிட்டார் என்பது உண்மை. ஆயினும், 1937-ல் கவர்னருடைய சொந்த யுக்தத்தைக் கண்டு பதவியை மறுத்த அதே பெரியார், 1952-ல் கவர்னருடைய சொந்த யுக்தத்தினால் பதவி ஏற்றார் என்பதும் உண்மை. ராஜாஜியின் தேச சேவையைப் போற்றுவதில் நாம் யாருக்கும் பின்வாங்குபவரல்லர்; அதனாலேயே இதைச் சொல்ல நமக்கு மனம் வருந்துகிறது.

அப்பால் மாகாணம் ராஜ்யமாயிற்று. 1956-ல் பாஷாவாரி எல்லைகள் ஏற்பட்டன. 1969 ஜனவரி 14-ந் தேதி, உஜ்ஜல் சிங் கவர்னராயிருக்கையில், சென்னை ராஜ்யம் தமிழ்நாடு என்னும் பெயர் பெற்றது. ‘கவர்னர்’ என்ற சொல்லும் ‘ஆளுநர்’ ஆயிற்று. ஆளுகிறவர் என்று பொருள்படும் இச்சொல்லைப் படைத்தவர்கள் தமிழுக்கு நன்மை செய்தார்கள். அரசியல் சட்டத்துக்கு நன்மை செய்தார்களென்று சொல்ல நமக்குத் தைரியமில்லை. அதே 1969-ல் தமிழ்நாட்டு சர்க்கார், மத்திய சர்க்காருக்கும் ராஜ்யங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய ஒரு கமிட்டி நியமித்தார்கள். அதன் தலைவர் பி. வி. ராஜமன்னார், ஹைக்கோர்ட்டுப் பிரதம நீதிபதியாயிருந்தவர், 1957-ல் சில மாதங்கள் பதில் கவர்னராகவும் இருந்தவர். அந்நாற்காலியின் சுகதுக்கங்களை அறிந்த அவர், ராஜ்ய மந்திரிசபையைக் கலந்துகொண்டே கவர்னரை நியமிக்க வேண்டுமென்றும், ஒருமுறை கவர்னராயிருந்தவருக்கு அப்பால் சர்க்கார் பதவி எதுவும் கொடுக்கலாகாதென்றும் 1971-ல் சிபார்சு செய்தார். மேலும் பதவி கிடைக்குமென்ற ஆசை உள்ளவன் யாருடைய சொல்லைக் கேட்பான் என்பது அவருக்குத் தெரியாதா? அச்சிபார்சு நிறைவேறவில்லை.

கவர்னர்களில் மனச்சாட்சியைக் காத்தவர் இல்லாமலில்லை. 1991 ஜனவரியில் கருணாநிதி மந்திரிசபையைக் கலைக்கத் தீர்மானித்த டில்லி சர்க்கார் கவர்னருடைய அறிக்கையை எதிர்பார்த்தார்கள். சுர்ஜித் சிங் பர்னாலா அவ்விதம் அறிக்கை எழுத மறுத்துவிட்டார். அறிக்கை இல்லாமலே 356-வது ஷரத்தின்படி மந்திரிசபை கலைக்கப்பட்டது. பர்னாலாவைப் பிகாருக்கு மாற்றினார்கள். அவர் போகாமல் ராஜிநாமாக் கொடுத்தார். டிரிவெலியனுக்கு 1860-ல் நேர்ந்ததையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்படி கறம்பக்குடி நண்பர்களைக் கேட்டுக்கொண்டோம். பர்னாலா 2004-ல் மறுபடியும் தமிழ்நாட்டுக்குக் கவர்னராக வந்தார் என்பது நமக்குத் திருப்தியளித்த செய்தி.

மந்திரிசபையைக் கலைப்பது 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு பொம்மை வழக்கில் அளித்த தீர்ப்புக்குப்பின் எளிதாயில்லை. ஆகவே சச்சரவு வேறு வாசல் வழியாக வந்தது. சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்குக் கவர்னர் சம்மதமளிக்க வேண்டும். அளிக்காமலும், திருப்பி அனுப்பாமலும், வெறுமனே வைத்திருந்தால்? பெரும்பாலும் சர்வகலாசாலைகளைப் பற்றிய பத்து மசோதாக்கள் இவ்விதம் தங்கின. சம்மதமில்லையென்று 2023 நவம்பரில் கவர்னர் திருப்பியனுப்பினார். சில நாட்களுக்குள் சட்டசபை கூடி, அவற்றை மறுபடியும் நிறைவேற்றியது. இம்முறை கவர்னர் அவற்றை ராஷ்டிரபதிக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் இது சட்ட விரோதமென்று தீர்மானித்து, அம்மசோதாக்கள் சம்மதம் பெற்றவையாகவே கருதப்படுமென்றும், கவர்னருக்குக் கால எல்லை உண்டென்றும் சொன்னார்கள். ராஷ்டிரபதி இவ்விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டதன்பேரில், அதே வருஷம் நவம்பர் 20-ந் தேதி ஐந்து நீதிபதிகள், கோர்ட்டு கால எல்லை வகுக்க முடியாதென்றும், சம்மதம் பெற்றதாய்க் கருதும் முறை செல்லாதென்றும் அபிப்பிராயம் கூறினார்கள். ஆனால் காரணமின்றி நெடுங்காலம் சும்மா இருக்கவும் கவர்னருக்கு உரிமையில்லை. அவ்விதம் இருந்தால், நியாயமான காலத்துக்குள் தமது கடமையைச் செய்யும்படி மட்டும் கோர்ட்டு சொல்லலாம் என்றார்கள்.

இந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொண்டோம். இரவு ஒன்பது மணியாகிவிட்டது. தஞ்சாவூருக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்ற கவலை வேறு. ஆரம்பத்தில் கேள்வி கேட்ட அந்த இளைஞர், குறிப்புப் புஸ்தகத்தை மூடாமலே மறுபடியும் எழுந்தார். "நியாயமான காலம் என்றால் எத்தனை நாள், ஐயா?" என்று கேட்டார்.

கோர்ட்டு நாட்கணக்குச் சொல்லவில்லை தம்பி, என்றோம்.